நொதி அட்டைகளும் ரேஷியோ பேக்கிங்கும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் உட்காரலாம். போன வருடம் பத்து நாள்போல அதில் ஒருவரும் உட்காரவில்லை. மேசை முழுக்க அட்டைகள் பரப்பிக் கிடந்தன. நூற்று எண்பது அட்டைகள், பதினைந்து டஜன். எண்ணச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எண்ணினேன். நாங்கள் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிட்டோம். எனக்கு வலது கால் பெருவிரல் வீங்கியிருந்ததால் காலை ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தேன். அந்த நிலையில் ரசம் சாதம் சாப்பிடுவது எவ்வளவு சிரமம் என்பது அப்படிச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அட்டைகள் என் மருமகளுடையவை. அவளுடைய பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு இங்கே வந்தவர்கள். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் திருப்பூரில்தான். எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே ‘ங்க’ போட்டுப் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் தெற்கத்திப் பேச்சு வரும். அதை வைத்து நாங்கள் நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். கோயம்புத்தூரில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, நியூக்ளியோடைடுகளைச் சிதைக்கும் நொதிகளின் டொமைன்களை அவை செய்யும் வேலையை வைத்து வகைப்படுத்துதல். சொந்தக்காரர்கள் கேட்கும்போது சொல்வதற்காக இதை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை யாரும் நின்று கேட்டதில்லை.

விஷயம் ஒன்றும் புரியாதது அல்ல. நம் உடம்பிலும், மாட்டிலும், கிருமியிலும், உயிருள்ள எல்லாவற்றிலும் மரபுச் சரடு ஒன்று இருக்கிறது. அந்தச் சரட்டில் கோத்த ஒவ்வொரு மணிதான் நியூக்ளியோடைடு. ஒரு மணிக்குள் மூன்று பாகங்கள்: பாஸ்பேட், சர்க்கரை, காரம். பழைய மணிகளை உடம்பு தூக்கிப் போடாமல் பிரித்து எடுக்கிறது. பிரிக்கிற வேலைக்காரர்கள் நொதிகள். ஒரு நொதி ஒரு முழு டி-ஷர்ட் என்று வைத்துக்கொண்டால், டொமைன் என்பது அதில் காலர் மாதிரி, பாக்கெட் மாதிரி, தனியாக ஒரு வேலை செய்கிற துண்டு. ஒரே மாதிரி பாக்கெட் வேறு வேறு சட்டைகளில் இருக்கலாம். ஒரே சட்டையில் இரண்டு பாக்கெட்டும் இருக்கலாம்.

ஒரு துண்டுக்கு ஓர் அட்டை. மருமகள் அந்தத் துண்டுகளை ஆறு கட்டுகளாகப் பிரித்தாள். பாஸ்பேட்டை வெட்டுபவை, சரட்டை அறுப்பவை, சர்க்கரையைக் காரத்திலிருந்து கழற்றுபவை, அமினோவை எடுப்பவை, ஆக்சிஜன் ஏற்றுபவை, கடைசியில் வளையத்தையே உடைப்பவை.

இதை அவள் ஏற்கெனவே ஒரு முறை கணினியில் செய்து அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதைத் திருப்பிவிட்டார். அவர் சொன்னது இதுதான்: நீ வேலையைப் பார்த்துப் பிரிக்கவில்லை, முகச்சாயலைப் பார்த்துப் பிரித்திருக்கிறாய். எவனோ ஒருவன் எப்போதோ ஒன்றுக்குப் பெயர் வைத்தான், அதே சாயலில் இருந்ததற்கெல்லாம் அடுத்தவன் அதே பெயரை வைத்தான், நீயும் வைத்துவிட்டாய். பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, மறுபடி பிரித்துக் கொண்டு வா.

கொண்டுபோக வேண்டிய நாள் புதன்கிழமை. அந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். அவர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டால் புது வழிகாட்டி தேட வேண்டும். புது வழிகாட்டி என்றால் முதலிலிருந்து ஆரம்பி என்பார். அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டத்தோடு வந்தால்தான் வேலை. ஐந்து வருடம் பஸ்ஸில் போய் வந்தவளுக்கு அந்த ஒரு கையெழுத்துதான் பாக்கி.

எனக்கும் இதில் ஒரு சொந்த அக்கறை இருந்தது. என் பெருவிரலைப் பார்த்த டாக்டர் யூரிக் அமிலம் என்று சொல்லி, ஆட்டுக்கறியை நிறுத்தினார். ஈரலை நிறுத்தினார். மருமகளிடம் கேட்டேன். காரத்தில் ஒரு வகை உடைந்து உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாக நிற்கிறது, அதையும் உடைக்க ஒரு நொதி உண்டு என்றாள்.

“அது எங்க கண்ணு இருக்குது?”

“மாட்டுக்கு இருக்குதுங் மாமா. பன்னிக்கு, எலிக்கு, நாய்க்கு எல்லாத்துக்கும் இருக்குதுங்க.”

“மனுசனுக்கு?”

“அதுக்கான மரபணு இருக்குதுங்க. ஆனா கெட்டுப்போயிருச்சு. வேலை செய்யாது.”

எங்கள் தெருவில் நாய்கள் ஒன்பது. காலையில் கேட்டுக்கு வெளியே அவை கறிக்கடை மிச்சத்துக்குச் சண்டை போடுவதை முக்காலியில் காலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பதுக்கும் அந்த நொதி இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கிய எனக்கு இல்லை. அந்த நொதியின் அட்டை எது, பார்க்க வேண்டும் என்று மருமகளிடம் கேட்டேன். பெயரை மறைத்து எண் மட்டும்தான் போட்டிருக்கிறது, காட்டினால் பிரிப்பது செல்லாது என்று மறுத்துவிட்டாள். என் வியாதியின் அட்டை என் வீட்டு மேசையிலேயே கிடந்தும் எனக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு கட்டுகளும் முடிந்துவிட்டன. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் கணினியில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லி மருமகள் அவள் அம்மாவோடு கிளம்பிப் போனாள். என் மகன் ஷிப்மென்ட் என்று இரண்டு நாளாகக் கம்பெனியிலேயே கிடந்தான். வீட்டில் நானும் என் மனைவியும்தான்.

பதினோரு மணிக்கு என் மைத்துனர் போன் செய்தார். பேத்திக்குக் காது குத்துகிறார்களாம், அழைக்கக் குடும்பத்தோடு வந்துகொண்டிருக்கிறார்களாம், நால் ரோடு தாண்டியாகிவிட்டதாம். அழைக்க வருகிறவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மடியில் தட்டை வைத்துச் சாப்பிடச் சொல்கிற வழக்கமும் இல்லை.

என் மனைவி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனைப் பத்தொன்பது வருடம் நடத்தியவள். அவள் கட்டிய கார்ட்டனில் ஒரு பீஸ் குறைந்தது என்று எந்த நாட்டிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை. அவள் சாப்பாட்டு அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க, இந்தக் கட்டு ஆறுலயும் எத்தனை எத்தனைங்க?”

நான் அன்று காலைதான் எண்ணி வைத்திருந்தேன். அறுபத்தொன்று, நாற்பத்து நான்கு, இருபத்தொன்பது, பதினாறு, பதினான்கு, பதினாறு என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் எண்ணிக்கை கேட்டு வருகிறவர்கள் குறைவு.

மைத்துனர் குடும்பம் வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல். மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் புடலங்காய்ப் பொரியல். “மாப்பிள்ளை ஏனுங்க ஒண்ணும் போட்டுக்க மாட்டீங்கறீங்க?” என்று மைத்துனர் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் நியூக்ளியோடைடிலிருந்து தொடங்கினேன். நான்கு முறையும் ஈரல் கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது.

அவர்கள் போனதும் மருமகள் வந்தாள். சாப்பாட்டு அறைக்குள் போனவள் அப்படியே நின்றாள்.

“அத்தை, அட்டை எல்லாம் எங்கங்க?”

“பத்திரமா வெச்சிருக்கறன் கண்ணு. அலமாரில பாரு.”

அலமாரியில் வரிசையாகப் பாலித்தீன் கவர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அட்டை, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு சீட்டு. 1/14, 2/14 என்று 14/14 வரை. ஒவ்வொரு கவரிலும் முதல் கட்டிலிருந்து நான்கு, இரண்டாவதிலிருந்து மூன்று, மூன்றாவதிலிருந்து இரண்டு, மற்ற மூன்றிலிருந்து ஒவ்வொன்று. எஸ், எம், எல், எக்ஸெல் என்று சைஸ் கலந்து ஒரு பெட்டிக்குள் இந்த விகிதத்தில் போட வேண்டும் என்று வெளிநாட்டுக்காரன் சொல்வானே, அந்த ரேஷியோ பேக்கிங். கடைசியில் தனியாக ஒரு கவர். அதன் சீட்டில் ‘பேலன்ஸ் 11 + மேசைக் கால் 1’ என்று எழுதியிருந்தது. மேசை ஆடியிருக்கிறது. ஓர் அட்டையை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறாள்.

நான் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். பதினான்கு பன்னிரண்டு நூற்று அறுபத்தெட்டு, அதோடு பதினொன்று, ஒன்று. நூற்று எண்பது. கணக்கில் ஒரு பழுது சொல்ல முடியாது. “அருமையாக் கட்டியிருக்கறா” என்று வாய்விட்டுச் சொன்னதற்கு அப்புறம்தான் மருமகளின் முகத்தைப் பார்த்தேன்.

“என்ன செஞ்சு வச்சிருக்கீய அத்தை?”

தெற்குக் காற்று அடித்துவிட்டது.

“ஏன் கண்ணு, கணக்குத் தப்பா இருக்குதா?”

“கணக்கு இருக்கட்டும். பத்து நாளா ஒண்ணொண்ணாப் பாத்துப் பாத்துப் பிரிச்சு வச்சிருக்கேன். பிரிச்சத எதுக்கு மறுபடி கலக்குதீய?”

“பிரிச்சு வெச்சா அப்பறம் ரேஷியோ போட்டுக் கட்டறதுதானொ? சும்மா பிரிச்சு பிரிச்சே வெச்சா சரக்கு எப்பிடி வெளிய போகும்?” என்றாள் என் மனைவி. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “ஒரு கவர்ல ஒரே வகைதான், சாலிட் பேக்குன்னு ஒரு வார்த்தை சொல்லீருந்தீன்னா, நான் சாலிட்டாவே கட்டீருப்பன்.”

“போட்டோ எடுத்து வெச்சிருக்கறயா கண்ணு?” என்று நான் கேட்டேன்.

“சாயந்தரம் எடுப்போம்னு இருந்தேன் மாமா.”

அதோடு அவள் ஒவ்வொரு கவராக எடுத்து, ரப்பர் பேண்டைப் பிய்த்து, அட்டைகளைத் தரையில் வீசினாள். பதினான்கு கவரையும் வீசினாள். பேலன்ஸையும் வீசினாள். கடைசியாகக் குனிந்து மேசைக் காலுக்கு அடியில் இருந்ததையும் உருவி வீசினாள். பிறகு அந்த அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். கவர் பதினைந்தும் காலியாகிவிட்டதே என்று வாயெடுத்தவனை என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

இன்னும் இரண்டரை நாள்தான். அவள் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி பிரிக்க உட்கார்ந்தாள். போன தடவை எதை எங்கே வைத்தேன் என்று நினைவு வைத்துச் செய்தால் வேகமாக ஆகுமே என்றேன். நினைவு வைத்துச் செய்தால் அது பிரிப்பதே ஆகாது என்றாள். வேகத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒவ்வோர் அட்டையிலும் அந்தத் துண்டின் மடிப்பு எப்படி, வெட்டும் இடத்தில் என்ன என்ன இருக்கிறது, சோதனையில் எதை எதாக மாற்றியது என்று சிறு எழுத்தில் அச்சடித்திருந்தது. பொருள்களின் பெயரெல்லாம் சுருக்கக் குறிகளாக இருந்ததால், என் யூரிக் அமிலம் எந்த அட்டை என்று வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். அவள் படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, எந்தக் கட்டு என்று சொல்வாள். என் மனைவி வாங்கி அந்த இடத்தில் வைப்பாள்.

என் மனைவி பரிகாரமாக மேசையின் மேல் ஆறு இடத்தில் டேப் ஒட்டியிருந்தாள். வேலை ஓட ஓட அவளுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது.

“இதென்னுங்க, பாஸ்பேட்டு வெட்டறதே இத்தனை பேரு? அமினோவுக்கு ஆளே காணோம்?”

“ஆர்டர் அப்பிடி” என்றேன்.

“மாமா, வாசிங்க” என்றாள் மருமகள். ‘ங்க’ திரும்பி வந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

வெந்நீர் ஒத்தடத்துக்கு எழுந்த நேரம் தவிர நான் விடாமல் வாசித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் முடிந்தது. மருமகள் காபி குடிக்கப் போனாள். நான் எண்ணினேன். நாற்பத்து நான்கு, சரி. இருபத்தொன்பது, சரி. பதினாறு, பதினான்கு, பதினாறு, எல்லாம் சரி. பாஸ்பேட் கட்டில் ஐம்பத்தாறு. அறுபத்தொன்று இருக்க வேண்டும். மேசையின் ஓரத்தில், டேப் ஒட்டாத இடத்தில், ஐந்து அட்டைகள் தனியாக இருந்தன.

“கண்ணு, அஞ்சு இடிக்குது.”

“தெரியுமுங் மாமா. அந்த அஞ்சும் எதுலயும் சேரல.”

“போன தடவை பாஸ்பேட்டுலதான இருந்துது? அங்கயே போடு. அறுபத்தொண்ணு வந்துரும்.”

அவள் ஐந்தையும் எடுத்துப் பரப்பினாள். படத்தில் ஐந்தும் அசல் பாஸ்பேட் வெட்டுபவை மாதிரியே இருந்தன. அதே மடிப்பு, அதே வளைவு. ஆனால் வெட்டுவதற்கு ஓர் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமாம். பிடிக்கிற கை அந்த ஐந்திலும் இல்லை. சோதனை செய்ததாகவும் எதிலும் போட்டிருக்கவில்லை.

“போன தடவை படத்தப் பாத்துப் போட்டுட்டேன் மாமா. இந்தத் தடவை நீங்க வாசிக்க வாசிக்கக் கேட்டேன். பாக்கெட் மாதிரி இருக்கு, ஆனா வாயைத் தெச்சிருக்கு. உள்ள ஒண்ணும் போட முடியாது.”

“டம்மி பாக்கெட்டு” என்றாள் என் மனைவி. “அழகுக்கு வெப்பாங்க.”

“அழகுக்கா, வேற எதுக்காவதான்னு தெரியலீங் அத்தை. வேற ஏதாச்சும் வேலை செய்யலாம். யாரும் பாக்கல.”

“அப்ப அது என்ன கட்டு?” என்று கேட்டேன்.

“ஏழாவது கட்டு. வேலை தெரியாதவை.”

நான் முப்பத்தொரு வருடம் ஷிப்பிங் பார்த்தவன். ‘இதர’ என்று ஒரு கட்டம் ஒரு பேப்பரில் இருந்தால் அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதைத்தான் இன்ஸ்பெக்ஷன்காரன் முதலில் பிரிப்பான். “தெரியாதுன்னு எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தா அவுரு கையெழுத்துப் போடுவாரா? அஞ்சு வருசம் படிச்சுத் தெரியலயான்னு கேக்க மாட்டாரா?”

“கேட்டா கேக்கட்டுங் மாமா.”

“கண்ணு, ஆறுல அடங்கிப்போச்சுன்னா புதன்கிழமையோட முடிஞ்சுது. எதுக்கு வம்பு?”

அவள் போனை எடுத்துப் பேராசிரியருக்கே போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவளுக்கும் பயம் இருந்தது. ஐந்து அட்டைகளைப் பற்றிச் சொன்னாள். போன தடவை அவை பாஸ்பேட் கட்டில் இருந்ததையும் சொன்னாள்.

“ரெண்டு தடவை பிரிச்சியாம்மா?” என்றார் அவர்.

“ஆமா சார்.”

“முதல் தடவை பிரிச்சது ரெண்டாவது தடவைக்குத் தெரியாம?”

“ஆமா சார். நடுவுல முழுக்கக் கலைச்சாச்சு.”

“நீயே கலைச்சியா?”

“இல்ல சார். எங்க அத்தை.”

“அவங்களுக்கு இந்த வகைப்பாடு தெரியுமா?”

“தெரியாது சார்.”

“ரொம்ப நல்ல முறை. ரேண்டமா ஆயிருச்சு. வகைப்பாடு அறியாத வேறொருவரால் தற்போக்காகக் கலைக்கப்பட்டதுன்னு செய்முறையில எழுதிடு” என்றார் பேராசிரியர்.

என் மனைவியின் முகம் மாறிவிட்டது. போனுக்குக் கேட்கும்படியே சொன்னாள். “தற்போக்கா? நானொண்ணும் ஏனோதானோன்னு கட்டலீங்க. நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு ரேஷியோ பாத்துக் கட்டுனேனுங்க.”

“யாரும்மா அது?”

“அத்தைதான் சார்.”

“ரேஷியோவா கட்டியிருந்தா அது தற்போக்கு இல்லையே” என்றார் அவர். குரல் இறுகிவிட்டது. “ஒரு கட்டுல எந்த வகை எத்தனைன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, நீ ஊகிச்சுப் பிரிச்சிருக்கலாம். அப்ப இது செல்லாதும்மா.”

மருமகள் என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத் தொழில் கௌரவத்தால் ஐந்து வருடப் படிப்பு போகப் பார்த்தது. நான் இதுவரை எந்தப் பேராசிரியரோடும் பேசியதில்லை. இருந்தும் முக்காலியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தேன்.

“ஐயா, வணக்கமுங்க. நான் மாமனாருங்க. அந்தக் கவர் பதினஞ்சையும் மருமக ஒண்ணுவிடாமப் பிரிச்சு வீசீட்டாளுங்க. மேசைக்கு அடியில, சோபாவுக்கு அடியில, பிரிட்ஜுக்குப் பின்னால எல்லாப் பக்கமும் போச்சுங்க. நாந்தான் பொறுக்கி எண்ணி வெச்சனுங்க. எது எந்தக் கவர்னு ஆண்டவனுக்கே தெரியாதுங்க.”

“எதுக்கு வீசினாங்க?”

“கோபத்துலீங்க.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. அது பேராசிரியருடையதுதானா, அவர் பக்கத்தில் இருந்த யாருடையதாவதா என்று தெரியவில்லை. “கோபம்னு எழுத வேண்டாம். கலைத்துப் பரப்பப்பட்டதுன்னு எழுதச் சொல்லுங்க” என்றார். “நாளைக்குக் கொண்டு வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்.”

போடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நான் சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி தன் வேலையைத் தற்போக்கு என்று எழுதக் கூடாது என்று நின்றாள். கடைசியில் மருமகள் உள்ளபடியே எழுதினாள். முதலில் நிலையான விகிதத்தில் கட்டப்பட்டு, பிறகு முற்றிலும் கலைக்கப்பட்டது என்று. அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் என் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் போனவள் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே என் மனைவி வாசலில் நின்று, “போட்டாரா?” என்று கேட்டாள்.

“போட்டுட்டாருங் அத்தை.”

“அந்த அஞ்சு?” என்றேன் நான்.

“அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தாருங் மாமா. அது இல்லாம ஆறு கட்டு மட்டும் கொண்டுவந்திருந்தா திரும்ப அனுப்பியிருப்பேன்னாரு. அந்த அஞ்சும் என்ன வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்க இன்னொருத்தர் அஞ்சு வருசம் படிக்கலாமாம்.”

பையிலிருந்து நகலை எடுத்துக் காட்டினாள். நான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வகைப்படுத்தியவை 175. வகைப்படுத்தாதவை 5. மொத்தம் 180. அதற்கு நேர் கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. நான் வேலையில் இருந்தபோது, ஐந்து பீஸ் என்னவென்றே தெரியவில்லை என்று எழுதி ஒரு பேப்பரை அனுப்பியிருந்தால் கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்திருக்கும், பின்னாலேயே நானும் வீட்டுக்கு வந்திருப்பேன். இவளுக்கு அதற்குத்தான் பட்டம் தருகிறார்கள்.